டிஸ்க்கைச் சோதிக்க அவகாசம் வேண்டும்

சந்தையில் மாடு வாங்குகிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. மண்பானை வாங்குகிற அம்மாள் விரலால் தட்டி ஓசை கேட்காமல் அதைக் கூடையில் எடுத்து வைப்பதில்லை. இவை படித்தவர்கள் சொல்லிக் கொடுத்து வந்த வழக்கங்கள் அல்ல. ஏமாந்தவர்கள் சொல்லிக் கொடுத்தவை. ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மேஜைக் கம்ப்யூட்டருக்கென்று ஒரு பெரிய ஹார்டு டிஸ்க் வாங்குகிறவர் என்ன செய்கிறார்? உறையைக் கிழிக்கிறார். பெட்டிக்குள் மாட்டுகிறார். கல்யாணப் போட்டோ முதல் கடைக் கணக்கு வரை பத்து வருஷத்துச் சமாசாரங்களை அன்று மாலையே அதில் கொட்டுகிறார். மறுநாள் பழைய டிஸ்க்கைத் துடைத்து வேறு யாருக்காவது கொடுத்தும் விடுகிறார். கம்பெனிச் சரக்கு, சீல் உடையாத உறை, கையில் உத்தரவாதச் சீட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2025-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஜெர்மனியிலிருந்து வந்த செய்தி எடுத்துக் காட்டிற்று. கம்ப்யூட்டர் விஷயங்களை எழுதுவதில் பெயர் பெற்ற ஹெய்ஸ் என்ற பத்திரிகை ஸ்தாபனம் அதை வெளியிட்டது. சீகேட் கம்பெனியின் பெரிய டிஸ்க்குகள் பல, புத்தம் புதியவை என்று கடைகளில் விற்கப்பட்டிருந்தன. உண்மையில் அவை ஏற்கெனவே எங்கோ ஓடி ஓடித் தேய்ந்தவை. ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடிற்று என்பதைத் தனக்குள்ளேயே குறித்து வைத்துக் கொள்கிறது. 'ஸ்மார்ட்' என்று பெயருள்ள அந்தக் குறிப்பை யாரோ பூஜ்யமாகத் திருத்தியிருந்தார்கள். கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசும் தரகு வேலைதான் இது.

ஆனால் அந்த டிஸ்க்குகளில் 'ஃபார்ம்' என்ற இன்னொரு பதிவும் உண்டு. மோசடிக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை. அதைத் திறந்து பார்த்தபோது 15,000 மணி முதல் 50,000 மணி வரை ஓடியவை அகப்பட்டன. 50,000 மணி என்றால் இரவு பகல் ஓயாமல் ஐந்தரை வருஷத்துக்கு மேல். இந்த டிஸ்க்குகளைத் தான் அப்படி விற்கவில்லை என்று கம்பெனி கூறியது. 2021-ல் கிளம்பிய சியா என்ற மின் நாணயத்துக்காகச் சீனாவில் ஆயிரக்கணக்கில் டிஸ்க்குகளை வாங்கி ஓட்டினவர்கள், அந்த மோகம் தணிந்ததும் தள்ளிவிட்டவையே இவை என்று பலமான சந்தேகம் எழுந்தது. அதே ஆண்டில் மலேசியாவில் ஒரு கிடங்கில் சோதனை நடந்து, பழைய டிஸ்க்குகளுக்குப் புது வேஷம் போடும் வேலை பிடிபட்டதாகவும் செய்தி வந்தது.

ஜெர்மனியில் நடந்ததற்குத் தமிழ்நாட்டில் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். ஹார்டு டிஸ்க் உள்ளூர்ச் சரக்கு அல்ல. உலகத்துக்கு வேண்டிய டிஸ்க்குகளை இன்று செய்கிறவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே கம்பெனிகள். பெர்லின் கடைக்குப் போகிற சரக்கும் சென்னை ரிச்சித் தெருவுக்கு வருகிற சரக்கும் பல கைகள் மாறித்தான் வருகின்றன. கைகள் மாறுகிற இடத்தில்தான் சரக்கும் மாறுகிறது. கடைக்காரரே அறியாமல் அவர் கைக்குப் பழைய சரக்கு வந்து சேரலாம். ஜெர்மனியிலும் விற்றவர்களில் பலர் நல்ல பெயர் உள்ள வியாபாரிகளே.

ஆகவே வாங்கினவர் சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக, சோதனைக்கு வேண்டிய நேரமும் பெருகிவிட்டது. அந்த நேரத்தைக் கொடுக்க வியாபாரம் தயாராக இல்லை.

கணக்கைச் சிறிது விஸ்தாரமாகவே பார்க்கலாம். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி அமெரிக்காவில் முதன் முதலாக ஹார்டு டிஸ்க் யந்திரத்தை வெளியிட்டது. இரண்டடி குறுக்களவுள்ள 50 தட்டுகள். ஆளுயர அலமாரி போன்ற உருவம். கொள்ளக்கூடியது 50 லட்சம் எழுத்துக்கள். வினாடிக்கு 8,800 எழுத்துக்கள் அதிலிருந்து வந்தன. அந்த வேகப்படி, முழுவதையும் படிக்கப் பத்து நிமிஷம் கூட ஆகாது. 2007-ல் ஹிட்டாச்சி கம்பெனி ஒரு டெராபைட் டிஸ்க்கைக் கொண்டு வந்தது. டெராபைட் என்பது லட்சம் கோடி பைட். இதைச் சுருக்கி டி.பி. என்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த இரண்டெழுத்தைக் கேட்டால் ஜனங்கள் க்ஷயரோகம் என்று நடுங்கினார்கள். இன்று பேரம் பேசுகிறார்கள். அந்த ஒரு டி.பி.யைப் படித்து முடிக்க நாலு மணி நேரம் போதுமானதாயிருந்தது. இப்போது 20 டி.பி. டிஸ்க் சாதாரணமாகக் கிடைக்கிறது. 2024-ல் 30 டி.பி.யும் வந்துவிட்டது. சராசரி வினாடிக்கு 200 மெகாபைட் என்று வைத்துக் கொண்டால், 20 டி.பி.யை ஒரு முறை முழுக்க எழுத ஒரு லட்சம் வினாடி ஆகும். அதாவது கிட்டத்தட்ட 28 மணி. எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்புப் பார்க்க இன்னொரு 28 மணி.

இதற்குக் காரணம் யாருடைய சோம்பலும் அல்ல. தட்டின் மேல் வட்ட வட்டமாகக் கோடுகள் உண்டு. கொள்ளளவைப் பெருக்குவதற்கு ஒரு கோட்டுக்குள் அதிக எழுத்தை நெருக்கலாம். கோடுகளையே நெருக்கி அதிகக் கோடுகள் போடலாம். தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். இம்மூன்றில் முதலாவது ஒன்றுதான் வேகத்தையும் கூட்டும். தட்டு சுற்றும் வேகமோ நிமிஷத்துக்கு 7,200 சுற்று என்று 1992-ல் வந்த இடத்திலேயே பெரும்பாலும் நின்று போயிருக்கிறது. வீடு இருபது மடங்கு பெருத்துவிட்டது; வாசல் இரண்டு மூன்று மடங்குதான் அகலமாயிற்று.

சோதனை என்பது பெரிய வித்தை அல்ல. முதலில் அந்த ஸ்மார்ட் குறிப்பைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உண்டு. லினக்ஸ்காரர்களுக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் இருக்கிறது, அதன் 7.4-ம் பதிப்பிலிருந்து சீகேட் டிஸ்க்குகளின் ஃபார்ம் பதிவையும் படிக்கலாம். புதிய டிஸ்க்கில் ஓடிய மணிக்கணக்கு பூஜ்யமாகவோ ஓரிரு மணியாகவோ இருக்க வேண்டும். ஸ்மார்ட் ஒரு கணக்கும் ஃபார்ம் வேறொரு கணக்கும் சொன்னால், அந்த டிஸ்க்கை மேற்கொண்டு சோதிக்க வேண்டியதே இல்லை. பில்லோடு கடைக்குத் திரும்பிவிட வேண்டியதுதான். உறையில் உள்ள வரிசை எண்ணைக் கம்பெனியின் வலைத்தளத்தில் கொடுத்து, உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுவது நல்லது. வேறு தேசத்துக்கென்று அனுப்பிய சரக்கானால் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது, டிஸ்க் தன்னைத் தானே சோதித்துக் கொள்ளும் நீண்ட சோதனை. கட்டளை கொடுத்துவிட்டால் அதுவே தன் பரப்பு முழுவதையும் படித்துப் பார்க்கும். பெரிய டிஸ்க்குகளுக்கு ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். இதற்குப் பின் வருவதுதான் முக்கியமானது: பரப்பு முழுவதும் எழுதி, எழுதியதைப் படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்ப்பது. இதில் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்து போகும் என்பதால், ஒரு சாமானும் ஏற்றாத காலி டிஸ்க்கில், அதுவும் எந்த டிஸ்க் என்று இரண்டு தடவை பார்த்துக் கொண்டுதான் செய்ய வேண்டும். அவசரத்தில் பக்கத்து டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸில் இதற்கு பேட்பிளாக்ஸ் என்ற பழைய கருவி உண்டு. அதன் கணக்கு 32 பிட்டுக்கு உட்பட்டது. ஆகையால் 16 டி.பி.யைத் தாண்டிய டிஸ்க்குகளுக்குப் பெரிய துண்டுகளாக, 8,192 பைட் என்று சொல்லித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். விண்டோஸில் விரைவு ஃபார்மட்டை விட்டு முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டா காலம் முதல் அது பரப்பு முழுவதும் பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போகிறது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

எல்லாம் முடிந்த பிறகு மறுபடியும் ஸ்மார்ட் குறிப்பைத் திறக்க வேண்டும். 5, 197, 198 என்ற எண்ணுள்ள மூன்று வரிகள் போதும். கெட்டுப்போன இடத்துக்குப் பதிலாக ஒதுக்கு இடத்தைக் கொடுத்தது எத்தனை, சந்தேகத்தில் இருப்பது எத்தனை, படிக்கவே முடியாதது எத்தனை என்பவை அவை. புது டிஸ்க்கில் மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். "ஒன்றிரண்டு தானே, போகட்டும்" என்று விடுவது சரியல்ல. 1,00,000-க்கு மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து கூகுள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதனையில் முதல் பிழை தலைகாட்டிய டிஸ்க், பிழையில்லாத டிஸ்க்கைப் போல் 39 மடங்கு 60 நாளுக்குள் கெட்டுப்போகும் வாய்ப்புடையது என்று கண்டார்கள். 199-ம் வரி மட்டும் ஏறிக் கொண்டே போனால் பதற வேண்டாம். குற்றம் பெரும்பாலும் கேபிளில், டிஸ்க்கில் அல்ல. நூறு ரூபாய்க் கேபிளுக்காக நல்ல டிஸ்க்கைத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

சோதனையிலும் அளவு வேண்டும். பேட்பிளாக்ஸ் கருவி தன் வழக்கப்படி நான்கு விதமான கோலங்களை எழுதி நான்கு முறை படிக்கும். 20 டி.பி.க்கு அது ஒன்பது நாளைத் தாண்டும். இப்படி வாட்டினால்தான் குற்றம் வெளியே வரும் என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகளுக்கு வருஷத்துக்கு 55 டி.பி. வேலைதான் என்று விவரத்தாளில் கம்பெனி எழுதுவதுண்டு. அத்தகைய 8 டி.பி. டிஸ்க்கை எட்டு முறை முழுக்க ஓட்டினால் 64 டி.பி. ஆயிற்று. ஒரு வருஷத்து உழைப்பைச் சோதனையிலேயே வாங்கிவிட்டு, பிறகு உழைக்கவில்லையே என்று குறை சொல்வது நியாயமாகாது. ஒரு முறை எழுதி ஒரு முறை படிப்பது வீட்டுக்கும் சிறிய ஆபீசுக்கும் போதும்.

சோதனை நடக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று சூடு. டிஸ்க்குகளுக்கு உச்ச வரம்பு பெரும்பாலும் 60 டிகிரி என்று எழுதியிருக்கிறது. சித்திரை வெயிலில், மின்விசிறி அடைபட்ட பெட்டிக்குள், இரண்டு நாள் ஓயாமல் எழுதுகிற டிஸ்க் அதை நெருங்கப் பார்க்கும். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி ஒரு மேஜை விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் காரியம் முடிந்தது. மற்றொன்று மின்சாரம். இருபத்தைந்தாவது மணியில் கரண்ட் போனால் பல கருவிகள் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். யு.பி.எஸ். இல்லாதவர்கள் டிஸ்க்கின் பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதிப்பது உசிதம்.

சோதனையில் தேறிவிட்ட டிஸ்க்கை அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா என்றால், அதுவும் இல்லை. மேற்சொன்ன கூகுள் ஆய்விலேயே, கெட்டுப்போன டிஸ்க்குகளில் நூற்றுக்கு 36, சூட்டுக் கணக்கைத் தவிர வேறு எந்த ஸ்மார்ட் குறிப்பிலும் ஓர் அறிகுறியும் காட்டாமலே போயின. அதே 2007-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷ்ரோடர், கிப்சன் என்ற இருவர் ஏறக்குறைய 1,00,000 டிஸ்க்குகளின் சரித்திரத்தை ஆராய்ந்தார்கள். சராசரி ஆயுள் 10 லட்சம் முதல் 15 லட்சம் மணி என்று கம்பெனிகளின் தாள் சொல்லிற்று. 10 லட்சம் மணி என்றால் 114 வருஷம்! அந்தக் கணக்குப்படி வருஷத்துக்கு நூற்றில் ஒன்று கூட மாற்ற வேண்டியிராது. நடைமுறையில் நூற்றுக்கு இரண்டு முதல் நாலு வரை மாற்றினார்கள். சில இடங்களில் 13 வரை போயிற்று. நிலைமை பின்னால் சீர்பட்டது உண்மை. பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்புக் கம்பெனி 2013 முதல் தன் டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டு வருகிறது. அதில் 2024-ம் வருஷத்துக்குக் கெட்டவை நூற்றுக்கு 1.57. ஆனாலும் கெட்டது தன் வீட்டு டிஸ்க்காக இருந்தால் அந்த வீட்டுக்காரருக்கு நூற்றுக்கு நூறுதான். உத்தரவாதச் சீட்டு இன்னொரு டிஸ்க்கைக் கொடுக்கும். அதிலிருந்த குழந்தையின் முதல் பிறந்த நாளைக் கொடுக்காது. ஆகையால் எந்தச் சோதனையில் தேறினாலும், இரண்டாவது பிரதி ஒன்று வேறிடத்தில் இருந்தே தீர வேண்டும்.

இனி அவகாசத்தின் கதைக்கு வரலாம். வலைக்கடைகளில் டிஸ்க்குக்குக் கொடுக்கும் திருப்பித் தரும் தவணை பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள் என்ற அளவில் இருக்கிறது. தவணை சரக்கு வீட்டு வாசலுக்கு வந்த தினத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறது. நீண்ட சோதனைக்கு ஒரு நாளுக்கு மேல். எழுதிப் படிக்க இரண்டு நாளும் எட்டு மணியும். நடுவில் ஒரு முறை கரண்ட் போனால் இன்னொரு நாள். வேலைக்குப் போகிறவருக்கு டிஸ்க்கை மாட்டவே ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். ஏழு நாள் எங்கே போயிற்று என்று தெரியாது. கைக்கடைகளில் இன்னும் மோசம். "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்று மறுநாளே சொல்லிவிடுகிறார்கள். அங்கே போனாலோ, புது டிஸ்க்குக்குப் பதிலாக, பழுது பார்த்த டிஸ்க் கிடைப்பதும் உண்டு. ஏற்கெனவே கெட்ட ஒன்றைச் செப்பனிட்டு, வாங்கிய ஒரு வாரத்துக்குள் கெட்டதற்கு ஈடாகக் கொடுப்பது விசித்திரமான வியாபாரம்!

அரை டி.பி. டிஸ்க் விற்ற நாளில் ஏழு நாள் தாராளம். நாற்பது மடங்கு பெரிய டிஸ்க்குக்கும் அதே ஏழு நாள் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. 10 டி.பி.க்கு மேற்பட்ட டிஸ்க்குகளுக்குத் திருப்பித் தரும் தவணை ஒரு மாதமாக இருக்க வேண்டும். வாங்கிய முப்பது நாளுக்குள் கெட்டதற்குப் புதியதே மாற்றாகத் தரப்பட வேண்டும். இதனால் வியாபாரிக்கு நஷ்டம் வரும் என்ற பேச்சு எடுபடாது. நல்ல டிஸ்க்கை யாரும் விளையாட்டுக்குத் திருப்பிக் கொண்டு வருவதில்லை.

கம்பெனிகளும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. உறையின் மேல் உள்ளதை உள்ளபடி அச்சிட வேண்டும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி, தன் ரெட் வரிசையைச் சேர்ந்த 2 டி.பி. முதல் 6 டி.பி. வரையிலான சில டிஸ்க்குகளில், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்பது போலக் கோட்டின் மேல் கோடு ஏறும்படி எழுதும் முறையைக் கையாண்டதை ஒப்புக் கொண்டது. வாங்கினவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு வந்த ஒப்புதல் அது. அந்த முறையில் இடம் மிச்சம். ஆனால் ஓர் ஓட்டை மாற்ற அடுத்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் என்பதால், இடைவிடாமல் எழுதும்போது வேகம் நொண்டியடிக்கும். பிறகு எல்லாக் கம்பெனிகளும் எந்த டிஸ்க் எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டன. பட்டியல் வலைத்தளத்தில் இருந்தால் போதாது. கடையில் கையில் எடுத்துப் பார்க்கிற உறையில் இருக்க வேண்டும். அதே போல, ஃபார்ம் மாதிரியான, வெளியார் எளிதில் திருத்த முடியாத ஓட்டக் கணக்கு எல்லாக் கம்பெனி டிஸ்க்குகளிலும் வர வேண்டும். அதைச் சாமானியர் படிக்க ஒரு சிறிய இலவசக் கருவியும் கூடவே வர வேண்டும். எந்தப் பதிவையும் திருத்தத் தெரிந்தவன் எங்காவது இருப்பான் என்பது வேறு விஷயம். பூட்டு உடைக்கப்படுகிறது என்பதற்காகப் பூட்டே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

சட்டம் ஒன்றும் ஊமையாக இல்லை. 2020 ஜூலை 20-ந் தேதி அமலுக்கு வந்த 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய சாமானையோ செப்பனிட்ட சாமானையோ புதியது என்று கூறுவதை நேர்மையற்ற வியாபார முறை என்று வெளிப்படையாகவே சொல்லுகிறது. மாவட்டக் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. ஆனால் ஆணையம் சாட்சி கேட்கும். வரிசை எண் போட்ட பில், கிழிக்காத உறை, மாட்டிய அன்றே எடுத்த ஸ்மார்ட் குறிப்பின் படம், சோதனை முடிந்த பின் எடுத்த இன்னொரு படம் ஆகியவை கையில் இருந்தால் வழக்கு நிற்கும். டிஸ்க்கை மாட்டுவதற்கு முன் செல்போனில் நாலு படம் எடுக்க இரண்டு நிமிஷம் போதும். அந்தப் படங்களைப் புது டிஸ்க்கிலேயே போட்டு வைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.